கெய்சர் பிளக் கருகியது, எம்.சி.பி. விழவில்லை: குற்றம் வயரிலா, இணைப்பிலா?

பாலக்கோட்டுக்காரன் (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். பாலக்கோட்டில் வீடு கட்டிக் குடிபுகுந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற வாரம் ஒரு நாள் காலையில் குளியலறையிலிருந்து கருகல் வாடை வந்தது. கெய்சரை நிறுத்திவிட்டு பிளக்கைத் தொட்டால் விரலை வைக்க முடியவில்லை. ஆறிய பின் பிடுங்கிப் பார்த்தபோது, பேஸ் முனையைச் சுற்றியிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் தேன் நிறத்துக்கு மாறி, ஓர் ஓரம் உருகி இளகியிருந்தது. மற்ற இரண்டு முனைகளும் புதிது போலவே இருந்தன.

விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். கெய்சர் 3 கிலோவாட். மெயின் பெட்டியிலிருந்து அந்த சாக்கெட் வரை சுமார் 14 மீட்டர் தூரம். சுவருக்குள் பைப்பில் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போயிருக்கிறது, அந்த பைப்பில் வேறு லைன் எதுவும் இல்லை. அதே லைனிலிருந்து சமையலறையின் 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கும் எடுத்திருக்கிறார்கள். அங்கே 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு ஓடுகிறது. இவை இரண்டுக்கும் சேர்த்துப் பெட்டியில் ஒரே ஒரு 32 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறது. பிளக் உருகும் அளவுக்குச் சூடேறியும் அந்த எம்.சி.பி. அசையவே இல்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

பார்க்க வந்த எலக்ட்ரீசியன், வயர் தாங்கவில்லை, முழுவதையும் உருவிவிட்டு 4 ஸ்கொயர் (சதுர மி.மீ.) போட வேண்டும் என்கிறார். விலை கேட்கப் போன கடையில், எஃப்.ஆர். வயர் வாங்கிப் போடுங்கள், அது கூடுதல் கரண்ட் தாங்கும் என்றார்கள். செலவு செய்யத் தயக்கமில்லை. ஆனால் காரணம் தெரியாமல் சுவரை உடைக்க மனம் வரவில்லை.

அரூர் வயர்மேன் (பணி நிறைவு):

தம்பி, வயரை உருவுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்து உறுதி செய்துகொண்டு, அந்த சாக்கெட்டைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். வயரின் மேலுறை எங்கே நிறம் மாறியிருக்கிறது, எவ்வளவு நீளத்துக்கு மாறியிருக்கிறது என்பதைச் சொல்லுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், ஒரு லைனில் ஓடும் மின்னோட்டம் பதினான்கு மீட்டரிலும் ஒன்றேதான். வயர் தாங்காமல் சூடாகிறது என்றால் அது நெடுகிலும் சூடாக வேண்டும்; ஓரிடத்தில் மட்டும் கருகி, அரை அடி தள்ளிப் புதிதாக இருக்காது. உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 3 கிலோவாட் கெய்சர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். போகவும் வரவும் 28 மீட்டர் வயர், 2.5 சதுர மி.மீ. வயருக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.008 ஓம் மின்தடை, ஆக மொத்தம் 0.22 ஓம். ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி, அதை ஓமால் பெருக்கினால் வெப்பம் கிடைக்கும்: 13 பெருக்கல் 13 பெருக்கல் 0.22, சுமார் 37 வாட். அது 28 மீட்டருக்குப் பரவிப் போகிறது, அதாவது மீட்டருக்கு ஒன்றேகால் வாட்டுக்குச் சற்று மேல். கையால் தொட்டால்கூடத் தெரியாது.

இப்போது சாக்கெட்டின் திருகாணி தளர்ந்து, அந்த ஓரிடத்தில் மட்டும் 0.1 ஓம் மின்தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மட்டும் 17 வாட். ரேடியோ பழுது பார்க்கிறவர் கையில் இருக்கும் சாலிடரிங் கம்பி 25 வாட். ஏறக்குறைய அந்தச் சூடு, விரல் நகம் அளவு பித்தளைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. எம்.சி.பி.க்கு இது எப்படித் தெரியும்? அது பார்ப்பது எத்தனை ஆம்பியர் போகிறது என்பதை மட்டும்தான். 13 ஆம்பியர் அதற்கு 13 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. போட்டிருந்தாலும் விழுந்திருக்காது.

பாலக்கோட்டுக்காரன்:

ஐயா, கழற்றிப் பார்த்தேன். நீங்கள் கேட்டபடியே சொல்கிறேன். பேஸ் வயரின் சிவப்பு மேலுறை திருகாணியிலிருந்து இரண்டு விரற்கடை அளவுக்கு மட்டும் கருஞ்சிவப்பாகி இறுகியிருக்கிறது. அதற்கு அப்பால் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து திரும்புகிறது, நிறமும் கெடவில்லை. திருகாணியை ஸ்க்ரூ டிரைவரால் திருப்பியபோது முக்கால் சுற்று எதிர்ப்பே இல்லாமல் போனது.

இன்னொன்றையும் பார்த்தேன். வயரில் 36 இழைகள் இருக்கின்றன. திருகாணிக்கு அடியில் இருந்தவை 21 மட்டுமே. மீதியில் பெரும்பாலானவை உரிக்கும்போதே வெட்டுப்பட்டுப் போயிருக்கின்றன. நான்கைந்து மட்டும் வெளியே மடங்கித் துருத்திக்கொண்டு நின்றன.

அரூர் வயர்மேன்:

கல்யாண வீட்டில் பந்தல் கட்டுகிற அவசரத்தில் செய்த வேலை அது. உங்கள் பிளக் கருகியதற்கு வயரின் அளவு காரணமல்ல, அந்த முனைதான் காரணம். இழை வயரை அப்படியே திருகாணிக்குள் செருகக் கூடாது. முறுக்கி இரட்டையாக மடித்தாவது செருக வேண்டும், அதைவிட நல்லது லக் (வயர் நுனியில் மாட்டும் உலோகக் குப்பி) போட்டு நசுக்கிச் செருகுவது. சாக்கெட், பிளக் இரண்டையும் மாற்றிவிடுங்கள். ஒருமுறை சூடான பித்தளைப் பிடிப்பு தன் இறுக்கத்தை இழந்துவிடும், புது பிளக்கையும் அது கருக்கும். கருகிய துண்டை வெட்டி எறிந்துவிட்டு நல்ல செம்பு தெரியும் இடத்திலிருந்து உரியுங்கள்.

ஓசூர் பராமரிப்புப் பொறியாளர்:

வயர்மேன் ஐயா சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பிளக் கருகியதற்கு முனை காரணம் என்று தெரிந்தவுடன் அந்த 32 ஆம்பியர் எம்.சி.பி.யை மன்னித்துவிட வேண்டாம். அது வேறொரு விபத்துக்காகக் காத்திருக்கிறது.

எம்.சி.பி. காப்பது கெய்சரை அல்ல, சுவருக்குள் இருக்கும் வயரை. ஆகையால் வயர் எவ்வளவு தாங்கும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். பி.வி.சி. மேலுறை போட்ட வயரின் செம்பு தொடர்ந்து 70 டிகிரி வரை இருக்கலாம். சுவரில் பைப்புக்குள் போகும் 2.5 சதுர மி.மீ. வயர் அந்த 70 டிகிரியை எட்டுவது 24 ஆம்பியரில் என்கிறது ஐ.இ.சி. 60364 என்ற பன்னாட்டு மின் தர விதியின் அட்டவணை, 1.5 என்றால் 17.5, 4 என்றால் 32, 6 என்றால் 41. ஆனால் இந்த எண்கள் எல்லாம் சுற்றுப்புறம் 30 டிகிரி என்று வைத்துப் போட்டவை. நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் மேற்குச் சுவர் 30 டிகிரியிலா இருக்கும்? 40 டிகிரிக்கு 0.87 என்று ஒரு திருத்தக் காரணி உண்டு. பெருக்கினால் 24 ஆம்பியர் 20.9 ஆகிவிடுகிறது. (ஓசூரில் இருக்கும் நான் இதைச் சொல்வது ஊத்தங்கரை நண்பர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். எங்களுக்கு மலைக்காற்று உண்டு. ஒரே மாவட்டத்தில் ஒரே வயருக்கு இரண்டு கணக்கு.)

உங்கள் கெய்சர் 13, இண்டக்ஷன் அடுப்பு 8.7, கூட்டினால் 21.7. இரண்டும் ஒன்றாக ஓடும் காலை வேளையில் வயர் இப்போதே எல்லையைச் சற்றுத் தாண்டித்தான் நிற்கிறது. இனி அந்தச் சமையலறை சாக்கெட்டில் யாராவது ஒரு மல்ட்டி பிளக்கைச் செருகி, மின்கெண்டியையும் மிக்சியையும் சேர்த்து ஓட்டினால் என்ன ஆகும்? எம்.சி.பி. தன் அளவைப்போல 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரத்துக்குள் விழக் கூடாது என்பது அதன் தர விதி, 1.45 மடங்கில்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். 32க்கு இவை முறையே 36 ஆம்பியர், 46 ஆம்பியர். 36 ஆம்பியர் போனால், 20.9இல் 30 டிகிரி ஏறும் வயர் அதைப்போல மூன்று மடங்கு ஏறும்; மின்னோட்டம் 1.73 மடங்கானால் வெப்பம் அதன் வர்க்கமாக மூன்று மடங்காகும் என்பது ஜூல் 1841இல் கண்டு சொன்ன விதி. நாற்பதும் தொண்ணூறும் நூற்று முப்பது டிகிரி. பி.வி.சி. குழைந்துபோகும், எம்.சி.பி. தன் விதிப்படி நடந்துகொண்டு பேசாமல் இருக்கும்.

பர்கூர் ஹார்ட்வேர் கடை:

கடைக்காரர்களின் பேரில் ஒரு புகார் வந்திருப்பதால் நான் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். எஃப்.ஆர். வயர் கூடுதல் கரண்ட் தாங்கும் என்று சொன்னவர் தவறாகச் சொல்லிவிட்டார். எஃப்.ஆர். என்பது தீ அந்த மேலுறை வழியாகப் பரவாமல் தடுப்பதைக் குறிக்கும். எஃப்.ஆர்.எல்.எஸ். என்றால் எரியும்போது புகையும் அமில வாயுவும் குறைவாக வரும், எச்.எஃப்.எஃப்.ஆர். என்றால் குளோரின் வகை உப்பீனிகளே இல்லாத மேலுறை. பி.வி.சி. எஃப்.ஆர். வயருக்கும் சாதாரண பி.வி.சி. வயருக்கும் அதே 70 டிகிரி எல்லைதான். எல்லையை உயர்த்துவது எச்.ஆர். என்ற எழுத்துகள், அவை 85 டிகிரி வரை தாங்கும் பி.வி.சி.யைக் குறிக்கும். வயரின் மேல் அச்சடித்திருக்கும் 1100 வோல்ட் என்பதைப் பார்த்து, இது கனமான வயர் என்று நினைப்பவர்களும் வருகிறார்கள். அது மேலுறை தாங்கும் மின்னழுத்தம், ஐ.எஸ். 694 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள ஒரு ஸ்கொயர் வயரிலும் ஆறு ஸ்கொயர் வயரிலும் அதே 1100தான் இருக்கும்.

பழைய வீடு வைத்திருப்பவர்கள் இன்னும் "மூணுக்கு இருபத்திரண்டு கொடு, ஏழுக்கு இருபது கொடு" என்றுதான் கேட்கிறார்கள். முதல் எண் இழைகள், இரண்டாவது எண் கம்பியின் கேஜ், அதாவது ஒவ்வோர் இழையின் தடிமனைச் சொல்லும் எண். 3/22 என்பது 1.2 சதுர மி.மீ. அளவுக்கு வரும், 7/20 என்பது 4.6 வரும். 3/22க்குச் சமம் என்று ஒரு ஸ்கொயரை நீட்டிவிடும் பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அதற்குச் சரியான மாற்று ஒன்றரை.

காவேரிப்பட்டணம் பட்டுக்கொட்டகை:

என் கேள்வி இதே பொருள் சார்ந்ததுதான், ஆனால் கதை தலைகீழ். எங்கள் பட்டுப்புழு வளர்ப்புக் கொட்டகையில் 2000 வாட் ஹீட்டர் மூன்று இருக்கின்றன. மழைக்காலத்திலும் மார்கழிக் குளிரிலும் இரவு முழுவதும் ஓடும், குளிர்காலம் முடிந்த பிறகும் சில நாட்கள் பகலில்கூட ஓட்டுவோம். ஒவ்வொன்றுக்கும் தனி லைன், தனி எம்.சி.பி., எல்லாம் 1.5 சதுர மி.மீ. வயர். மூன்று லைனும் ஒரே பைப்பில், உள்கூரைக்கும் மேலே இருக்கும் தகரக் கூரைக்கும் இடைப்பட்ட வெளியில் போகின்றன. சென்ற மாதம் ஒரு லைன் போய்விட்டது என்று பைப்பைத் திறந்தோம். வயரை வளைத்தால் மேலுறை முருங்கைக் குச்சி போல ஒடிந்து, சில்லு சில்லாகக் கீழே விழுந்தது. இங்கே இரண்டு விரற்கடை அல்ல. முப்பது அடி நீளமும் அதே கதிதான். திருகாணிகள் எல்லாம் இறுக்கமாகவே இருந்தன.

மேலும், வயர் மெலிதாக இருக்கிறதே என்று சந்தேகம் வந்து, சரியாக ஒரு மீட்டர் செம்பை உரித்து எடுத்து, தெரிந்த நகைக்கடையில் எடை போட்டுப் பார்த்தேன். 10 கிராம் காட்டியது. இது சரியா தவறா என்று யாராவது சொல்ல முடியுமா?

ஓசூர் பராமரிப்புப் பொறியாளர்:

அக்கா, நகைக்கடைத் தராசு நல்ல யோசனை. செம்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம். 1.5 சதுர மி.மீ. வயர் ஒரு மீட்டர் என்றால் 13.4 கிராம் இருக்க வேண்டும். தர விதி எடையைக் கேட்பதில்லை, மின்தடையைத்தான் கேட்கிறது, கிலோமீட்டருக்கு 13.3 ஓமுக்கு மேல் போகக் கூடாது. நல்ல செம்பில் 12 கிராமிலேயே அதை எட்டிவிடலாம் என்பதால் ஒரு கிராம் குறைந்தால் ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. பத்து கிராம் என்பது 1.1 சதுர மி.மீ.தான். அச்சடித்தது ஒன்றரை, உள்ளே இருப்பது ஒன்றேகாலுக்கும் கீழே.

ஆனால் நிஜமான ஒன்றரையே போட்டிருந்தாலும் அந்த இடத்தில் தாங்கியிருக்காது. புழுவுக்கு நீங்கள் கீழே 25, 26 டிகிரி வைத்துக் காக்கிறீர்கள். வயருக்கு மேலே தகரத்தடி வெளியைக் கொடுத்திருக்கிறீர்கள். வெயில் ஏறிய மதியத்தில் அங்கே 55 டிகிரி என்று வைத்தால் திருத்தக் காரணி 0.61. மூன்று லைன் ஒரே பைப்பில் நெருக்கியடித்துப் போவதால் ஒன்றின் சூடு மற்றொன்றுக்கு. அதற்குக் காரணி 0.70. 17.5ஐ இந்த இரண்டாலும் பெருக்கினால் 7.5 ஆம்பியர்தான் மிஞ்சுகிறது. உங்கள் ஹீட்டர் ஒவ்வொன்றும் 8.7 இழுக்கிறது. பகலில் ஓட்டிய நாட்களில் வயர் தினமும் எல்லை தாண்டியிருக்கிறது. அதோடு, ஓட்டாத கோடை நாட்களிலும் தகரச் சூடு சும்மா இருக்கவில்லை. எல்லைக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் மேலுறையின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்காப்புத் துறையில் நெடுநாளாகப் புழங்கும் தோராயக் கணக்கு. ஒரே நாளில் எரியாது, உலர்ந்து உலர்ந்து ஒடியும்.

அரூர் வயர்மேன்:

இதற்கு அதிகக் கணக்கு வேண்டாம், அக்கா. வயரைத் தகரத்தடியிலிருந்து இறக்கி, உள்கூரைக்குக் கீழே சுவரோடு ஓட்டுங்கள், மூன்றையும் தனித்தனிப் பட்டியில் இடைவெளி விட்டு அடியுங்கள், 2.5 போடுங்கள். எக்ஸ்.எல்.பி.இ. (பி.வி.சி.யைவிடச் சூடு தாங்கும் மேலுறை) கேபிள் போட்டால் 90 டிகிரி தாங்குமே என்று யாராவது சொல்வார்கள். கேபிள் தாங்கும், அதன் முனை போய்ச் சேரும் சுவிட்சும் சாக்கெட்டும் 90 டிகிரிக்குச் செய்யப்பட்டவை அல்ல. கொட்டகையில் ஈரம் தெளிப்பதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (மின்கசிவு கண்டால் துண்டிக்கும் சுவிட்ச்) எர்த்தும் கட்டாயம் இருக்க வேண்டும். அது ஆளைக் காக்கிற பொருள், வயர் சூட்டைக் காக்காது. ஒன்றுக்கு ஒன்று மாற்றல்ல.

மொரப்பூர் கிணற்றுக்காரர்:

ஆம்பியரையும் சூட்டையும் பேசும் இடத்தில் என் பிரச்சினை பொருந்துமா தெரியவில்லை. 850 அடி போர்வெல், 7.5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டார், மூன்று பேஸ், நேரடி ஸ்டார்ட்டர். மீட்டர் கொட்டகை கிணற்றடியிலேயே இருக்கிறது. கீழே போயிருப்பது 2.5 சதுர மி.மீ. மூன்று கோர் பட்டைக் கேபிள். ஸ்டார்ட்டரில் 400 வோல்ட் காட்டுகிறது. ஆனாலும் மோட்டார் சில நாள் உறுமிவிட்டு எடுக்காமல் நின்றுவிடுகிறது, இரண்டு முறை காயில் கட்டியாயிற்று. கேபிள் சூடாகவே இல்லை, 2.5 தாராளமாகத் தாங்கும் என்கிறார் மெக்கானிக்.

ஓசூர் பராமரிப்புப் பொறியாளர்:

அண்ணா, பொருந்தும். மெக்கானிக் சூட்டைப் பற்றிச் சொன்னது சரி, கேட்க வேண்டிய கேள்வி மட்டும் அது அல்ல. குளியலறையில் 14 மீட்டர். உங்களுக்கு 260 மீட்டர். நீளம் இவ்வளவு ஆகும்போது வயர் சூடாவதற்கு வெகு முன்னாலேயே மின்னழுத்தம் கரைந்துவிடும்.

உங்கள் மோட்டார் சுமார் 13 ஆம்பியர் எடுக்கும். வேலை செய்யும் சூட்டில் 2.5 கேபிளின் ஒரு கோர் 260 மீட்டருக்கு 2.3 ஓம் வரும். மூன்று பேஸ் கணக்குப்படி, மோட்டார் சீராக ஓடும்போதே 43 வோல்ட் குறைகிறது. மேலே 400 காட்டும்போது கீழே மோட்டாருக்குக் கிடைப்பது 357. மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 415க்குச் செய்த மோட்டார் 357இல் முக்கால் பங்கு வலுவோடுதான் நிற்கிறது. கிளம்பும் நொடியில் ஐந்து மடங்கு ஆம்பியர் இழுக்கும். அப்போது குறைவு நூறு வோல்ட்டைத் தாண்டும். உறுமுவது அதனால்தான். தண்ணீரைத் தூக்க வேண்டிய வலுவை ஈடுகட்ட மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கிறது. சூடாவது கேபிள் அல்ல, காயில்.

6 சதுர மி.மீ. போட்டால் குறைவு 18 வோல்ட்டாகும். 10 போட்டால் பத்துச் சொச்சம். விளக்கு அல்லாத பயன்பாட்டுக்கு 5 விழுக்காடு வரை குறையலாம் என்பது வழிகாட்டுதல், 415இல் அது 20 வோல்ட் சொச்சம். 6 போதும், தண்ணீர் இன்னும் கீழே போய் மோட்டாரை இறக்க வேண்டி வருமென்றால் 10 போடுங்கள். இப்போது உங்கள் கேபிளில் 1 கிலோவாட்டுக்கு மேல் வீணாகிக்கொண்டிருக்கிறது. விவசாய மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லாததால் அது பில்லில் தெரியவில்லை, காயில் கட்டும் கூலியில் தெரிகிறது.

மொரப்பூர் கிணற்றுக்காரர்:

இரண்டு முறை காயில் கட்டிய காசைக் கூட்டிப் பார்த்தேன். கேபிளின் விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி அதிலேயே போயிருக்கிறது. அடுத்த முறை மோட்டாரைத் தூக்கும்போது 6 இறக்குகிறேன். மெக்கானிக்கிடம் இந்தக் கணக்கை எழுதிக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாமல் ஒரு படி எடுத்துக்கொண்டார்.

பாலக்கோட்டுக்காரன்:

செய்து முடித்ததைச் சொல்லிவிடுகிறேன். சுவரை உடைக்கவில்லை. இருக்கிற பைப்பிலேயே கெய்சருக்கென்று இன்னொரு 2.5 லைன் இழுத்தோம்; பழைய லைன் சமையலறைக்கு மட்டும். ஒரு பைப்பில் இரண்டு லைன் என்பதால் 0.80 பெருக்க வேண்டும் என்று பொறியாளர் தனியாகச் சொன்னார், 20.9 அதனால் 16.7 ஆகிறது. ஆகவே 32ஐக் கழற்றிவிட்டு இரண்டு லைனுக்கும் தனித்தனியே 16 ஆம்பியர் எம்.சி.பி. போட்டோம். புதிய சாக்கெட், புதிய பிளக், எல்லா முனைகளிலும் லக். அரை மணி நேரம் கெய்சரை ஓட்டிவிட்டு பிளக்கைத் தொட்டேன், வெதுவெதுப்புகூட இல்லை.

அரூர் வயர்மேன்:

நல்லது தம்பி. பெட்டிக்குள் நியூட்ரல் வயர்கள் எல்லாம் வந்து சேரும் கட்டையைப் பார்த்தீர்களா? சாக்கெட்டை அப்படி முடுக்கியவர் அங்கே மட்டும் நன்றாக முடுக்கியிருப்பார் என்று நம்ப முடியாது.

பாலக்கோட்டுக்காரன்:

மெயினை அணைத்துவிட்டு இப்போதுதான் பார்த்தேன், ஐயா. ஒன்பது திருகாணிகளில் மூன்று, அரைச் சுற்றுக்கு மேல் உள்ளே போயின.